சுழல்கின்ற விசிறியும் சோதிக்க வேண்டியதே

பட்டிப்பொலவிலிருந்து வரும் ஒருவன் மின்விசிறியைப் பற்றிப் பேசப் புகுவது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடல் மட்டத்துக்கு 6,200 அடிக்கும் மேலே, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் அமைந்த ஊர் அது. அங்கே கம்பளிக்குத்தான் தேவை மிகுதி. மலைநாட்டில் பெரிய விசிறிகளைக் காண வேண்டுமானால் தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் செல்ல வேண்டும். அங்கும் அவை கொழுந்தை வாட்டுவதற்காகச் சுழல்கின்றன. ஆயினும் எங்கள் இளைஞர் பலர் கொழும்பில் வேலை பார்க்கின்றனர். தங்கும் அறையின் புழுக்கம் பொறுக்காமல் விசிறி வாங்கி, நண்பர் துணையோடு தாமே மாட்டுகின்றனர். தீபாவளிக்கு ஊர் வரும்போது, அந்த அனுபவத்தை நம்பி லயன் காம்பராவிலும் கம்பி இழுத்து விளக்குப் போடுகின்றனர். ஆகையால், இப்பேச்சு மலைக்கும் உரியதே.

புதிதாக மாட்டிய விசிறி இயங்கவில்லையென்றால், நோயாளியிடம் வைத்தியர் கேட்பதுபோல அதனிடம் முறையாகக் கேள்வி கேட்க வேண்டும். சுழற்சியும் இல்லை, ஓசையும் இல்லை என்றால், மின்சாரம் அதனை எட்டவில்லை என்று கொள்ளலாம். அறையில் மற்ற விளக்குகள் எரிகின்றனவா, ட்ரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால், சுவிட்சிலோ வேகத்தை மாற்றும் ரெகுலேட்டரிலோ கூரையில் உள்ள இணைப்பிலோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கக்கூடும். மெயின் சுவிட்சை நிறுத்தாமல் இவற்றுள் எதனையும் திறக்கலாகாது.

விசிறி முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் குறை வேறு. விசிறியின் மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்று கண்டென்சர் என்னும் சிறு உறுப்பின் வழியாக மின்சாரம் பெறுகிறது. இரண்டு சுருள்களிலும் மின்னோட்டம் சற்று முன்பின்னாக ஏறி இறங்குவதாலேயே சுழற்சி பிறக்கிறது. கண்டென்சர் பழுதானாலும், அதன் கம்பி கழன்றாலும் மோட்டார் எப்பக்கம் சுழல்வதென்று அறியாமல் நின்று முனகும். அதனை அப்படியே விட்டுவைத்தால் சுருள் சூடேறிக் கருகும். உடனே நிறுத்திவிட வேண்டும். நிறுத்திய பின்னும் கண்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். அதன் முனைகளை விரலால் தொடக்கூடாது.

விசிறி சுழன்றும் காற்று வரவில்லையா? கீழே நின்று பார்க்கும்போது, வழக்கமான கூரை விசிறி கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமாகச் சுழல வேண்டும். மறுபுறமாகச் சுழன்றால் மோட்டாரின் கம்பிகள் இடம் மாறியுள்ளன என்பது பொருள். இலைகளைத் தலைகீழாகப் பூட்டியிருந்தாலும் காற்று வராது. முழு வேகத்திலும் மந்தமாகச் சுழன்றால் கண்டென்சர் வலுவிழந்திருக்கலாம். அல்லது மாலை வேளையில் மின்னழுத்தம் குறைந்திருக்கலாம்.

இவையெல்லாம் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் குறைகள். விசிறி அழகாகச் சுழலும்போதே மறைந்திருக்கும் குறைகள்தாம் உயிருக்கு உலை வைப்பவை. அவற்றுள் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, சுவிட்ச் இருக்க வேண்டிய கம்பியில் இல்லாமை. மின்சாரம் வரும் கம்பியையே சுவிட்ச் துண்டிக்க வேண்டும். அதனைத் திரும்பும் கம்பியில் பொருத்தினாலும் விசிறி சுழலும், நிறுத்தினால் நிற்கும். ஆனால் நின்ற விசிறியின் உள்ளே 230 வோல்ட் காத்திருக்கும். தூசு துடைக்க ஏறுபவர் அதனை அறியமாட்டார். நிறக் குழப்பமே இதற்குப் பெரும்பாலும் காரணம். நம் நாட்டுப் பழைய வீடுகளில் மின்சாரம் வரும் கம்பி சிவப்பு, திரும்பும் கம்பி கறுப்பு. புதிய முறையில் முன்னது கபிலம், பின்னது நீலம். விசிறிக்குள்ளிருந்து வரும் கம்பிகளின் நிறமோ செய்தவர்களுக்கு ஏற்ப மாறும். ஊகித்து இணைக்காமல், பெட்டிக்குள் இருக்கும் படத்தைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

இரண்டாவது, பச்சையும் மஞ்சளும் கலந்த புவிக்கம்பியை வெட்டி ஒதுக்கிவிடுதல். அது இல்லாமலும் விசிறி ஓடும் என்பது உண்மையே. உள்ளே காப்புறை தேய்ந்து உலோகத்தில் மின்சாரம் பாயும் நாளில்தான் அதன் அருமை தெரியும்.

மூன்றாவது, அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேர்க்கம்பி கொடுத்தல். வீடுகளில் உள்ள ட்ரிப் சுவிட்ச், பொதுவாக 30 மில்லி அம்பியர் அளவு கசிந்தாலே விழுமாறு அமைந்தது. அது விழுவது தொல்லையன்று, எச்சரிக்கை. குரைக்கிறதென்று காவல் நாயைக் கொன்றுவிட்டு உறங்கப் போகலாமா?

மின்சாரத்துக்கும் மலைநாட்டுக்கும் பழைய உறவுண்டு. நமது நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எழுதினார். அத்திட்டத்தின் பயனாக லக்ஷபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அவ்வாறு நம் ஆறுகள் ஈன்ற மின்சாரம், அவற்றின் கரையிலிருந்த லயங்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் கழித்தே வந்து சேர்ந்தது. வந்த பின்னும், ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு மெல்லிய கம்பி இழுத்துப் பகிரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. கூரையோ தகரம். காப்புறை கிழிந்த ஒரு கம்பி அதனைத் தொட்டால் கூரை முழுவதும் மின்சாரம் பரவக்கூடும். மழை நாளில் ஈரத் துணியைக் கூரையோரக் கம்பிக்கொடியில் உலர்த்தும் தாய்க்கு இது தெரியுமா? தாழ்ந்த கூரையுள்ள காம்பராவில் கூரை விசிறி மாட்டவே கூடாது. இலைகள் தரையிலிருந்து ஏழரை அடிக்கு மேலாவது இருக்க வேண்டும்.

நான் கலை பயின்றவன். மின்னியலிற் பட்டம் பெற்றவனல்லன். ஆனால் பிள்ளைகள் அமரும் மண்டபத்துக்குப் பொறுப்பேற்ற எவரும் ஒரு கேள்வியைக் கேட்கக் கற்க வேண்டும். வேலை முடித்த மின்னிணைப்பாளரிடம், “சுழல்கிறதா?” என்று கேட்பதோடு அமையாமல், “சுவிட்சை நிறுத்திய பின் மேலே மின்சாரம் இல்லை என்று காட்டுங்கள்; புவிக்கம்பி சேர்ந்திருப்பதைக் காட்டுங்கள்; ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். தகுதியுள்ளவர் இதற்குச் சினங்கொள்ளார். சினங்கொள்பவரிடம் மறுமுறை வேலை கொடுக்காதீர்கள். தகுதியுள்ளவருக்குக் கொடுக்கும் கூலி சற்று மிகுதியெனத் தோன்றலாம். அது ஒருமுறை கொடுப்பது. அவர் செய்த இணைப்பின் கீழே உங்கள் குழந்தை ஒவ்வோர் இரவும் உறங்குகிறது.