வாய்க்கேற்ற மௌத்பீஸ்

(பொன்விழாவை முன்னிட்டு, நமது பங்கின் பேண்டு வாத்தியக் குழுவினரின் கருவிகளை மந்திரித்தபின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



தேர்ப்பவனிக்கு முன்னதாக உங்கள் வாத்தியங்களை இன்று மந்திரித்தோம். மந்திரித்த கையோடு, நம் மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றையும் சொல்லிவிட விரும்புகிறோம்.

சென்ற ஆண்டுத் திருவிழா முடிந்த மறுவாரம், டியூபா ஊதும் தம்பி பங்கு இல்லத்துக்கு வந்தான். "சாமி, எனக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றான். மேல்ஸ்தாயி ஏறவில்லை, கீழ்ஸ்தாயியில் சத்தம் உடைகிறது, உதட்டில் புண். நாமோ, "சாதகம் செய்யாமல் வாத்தியத்தைக் குறை சொல்லாதே" என்று கடிந்து அனுப்பிவிட்டோம்.

இரவு முழுவதும் மனம் கேட்கவில்லை. காலையில் பூசை முடிந்ததும் டியூபாவை எடுத்துப் பார்த்தோம். மௌத்பீஸின் காம்பில் பழைய செய்தித்தாள் சுற்றியிருந்தது. காம்பு சிறியது, குழாயின் வாய் பெரியது. ஆடாமலிருக்க யாரோ எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. விளிம்பில் வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. குருமடத்தில் நாமும் சில ஆண்டுகள் டியூபா ஊதியிருக்கிறோம். ஆகவே, தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. குற்றம் பையனுடையதல்ல, பாராமலே தீர்ப்பளித்த நம்முடையது.

டியூபா மிகப் பழைய வாத்தியமன்று. 1835-ஆம் ஆண்டு பிரஷ்யாவில் வீப்ரெஹ்ட், மோரிட்ஸ் என்னும் இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றனர். இன்று பி பிளாட் டியூபாவின் குழாயை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 18 அடி வரும். இவ்வளவு நீளமான காற்றை அசைப்பது உதட்டின் அதிர்வுதான். உதடும் பித்தளையும் சந்திக்கும் வாசல்தான் மௌத்பீஸ்.

அதைத் தேர்ந்தெடுக்கையில் முதலாவது பார்க்க வேண்டியது காம்பு. இதில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் உண்டு. உங்கள் வாத்தியத்தையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், அசைத்தால் ஆடக்கூடாது. இரண்டாவது, கிண்ணத்தின் அகலம். டிரம்பெட்டுக்கு 16, 17 மில்லிமீட்டர் என்றால் டியூபாவுக்கு 30 முதல் 34 வரை. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தையும் உதடு உடனே அறியும். மூன்றாவது, கிண்ணத்தின் ஆழம். ஆழமானது கீழ்ஸ்தாயிக்குக் கனம் தரும். ஆழம் குறைந்தது மேல்ஸ்தாயிக்கு ஓரளவு உதவும், ஆனால் நாதம் மெலியும். துவாரம் பெரிதானால் மூச்சு அதிகம் செலவாகும். விளிம்பு அகன்றிருந்தால் நெடுநேரம் ஊதலாம்; குறுகியிருந்தால் உதடு சுலபமாக அசையும். புதிதாய்ப் பழகுவோர் நடுத்தரமான ஒன்றை எடுத்து, பல மாதம் அதையே வைத்திருப்பது நலம்.

தம்பிக்குப் புதியது வாங்கிக் கொடுத்தோம். புண் ஆறியது, கீழ்ஸ்தாயி தெளிந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்தான்: "சாமி, மேலே ஏற இன்னும் சின்னதாக ஒன்று கிடைக்குமா?" இம்முறை நாம் கடிந்துகொள்ளவில்லை; வாங்கிக் கொடுக்கவும் இல்லை. பொருந்தாத மௌத்பீஸ் ஒருவனைத் தடுக்கும். பொருந்திய மௌத்பீஸோ அவனைத் தூக்கிச் செல்லாது. அதற்குமேல் உள்ள வேலை உதட்டுக்கும் மூச்சுக்கும் உரியது.

இளமையில் நாமும் மேல் சுரத்துக்காக மௌத்பீஸை உதட்டில் அழுத்தி ஊதினோம். சுரம் ஏறியது; சற்று நேரத்தில் உதடு மரத்துப்போயிற்று. அழுத்தினால் இரத்த ஓட்டம் தடைப்படும். வாயின் ஓரங்களை உறுதியாக்கி, உதட்டின் இடைவெளியைச் சிறிதாக்கி, காற்றை வேகமாய் விடுவதே மேலே ஏறும் வழி. கீழே இறங்குவதற்குத் தாடையைத் தாழ்த்தி, பல்லிடையைத் திறந்து, ஏராளமான காற்றை நிதானமாய் விடவேண்டும்.

தம்பிக்குச் சொன்ன ஒழுங்கு இதுதான். சுலபமாய் வரும் சுரத்தில் தொடங்கி, ஒவ்வொன்றையும் நீட்டி ஊது. தினமும் கீழே சிறிது, மேலே சிறிது. நேற்று எட்டிய இடம் இன்று அழகாய் ஒலித்த பிறகே அடுத்த அரைச் சுரம். வால்வைத் தொடாமல், உதட்டாலேயே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லப் பழகு. ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு கொடு. வலித்தால் நிறுத்து. மூன்று வால்வு வாத்தியத்தில் அடியில் ஐந்து சுரங்கள் விரலுக்கு அகப்படா. அவை வராததற்கு உன்னை நொந்துகொள்ளாதே. நான்காவது வால்வு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தருவதற்கென்றே வந்தது.

சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் 1944 முதல் 1988 வரை டியூபா வாசித்தவர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ். அவருடைய நுரையீரலின் கொள்ளளவு மிகவும் குறைவு. அப்படிப்பட்டவரே மூச்சைப் பற்றி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பெரிய ஆசானாக விளங்கினார். தசையை எண்ணாதே, எழவேண்டிய நாதத்தை எண்ணு என்பதே அவர் போதனையின் சாரம்.

எட்டு மாதத்தில் தம்பிக்கு மேலே மூன்று அரைச் சுரங்கள் கூடியிருக்கின்றன. கேட்பதற்குச் சொற்பம், ஆனால் பவனியில் வாசிக்கும் பாட்டுக்கு அது போதும்.

பங்கு மக்களே, இன்றிரவு தேர் வரும்போது, "இன்னும் பலமாக ஊது!" என்று பிள்ளைகளை விரட்டாதீர்கள். தெருமுனையில் சற்று நிற்கவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். தம்பிமாரே, ஊதி முடித்ததும் மௌத்பீஸை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவி வையுங்கள். ஏதேனும் சரியில்லை என்றால் நம்மிடம் வந்து சொல்லுங்கள். இனி வாத்தியத்தைப் பார்த்த பிறகே பேசுவோம்.

இறையாசீர் உங்களோடு!