உலகச் சந்தையும் நம் உலைப்பானையும்



காலையில் பெரட்டுக்குப் போகிறோம். செம்பனைக் குலை வெட்டுகிறோம். உதிரிப் பழம் பொறுக்குகிறோம். அந்தப் பழத்தின் விலையை முடிவு செய்பவர் யார்? கிராணியும் அல்லர், மானேஜரும் அல்லர். உலகச் சந்தையே முடிவு செய்கிறது. பிரேசிலில் சோயா அமோகமாக விளைந்தால் இங்கே செம்பனை எண்ணெய் விலை இறங்கலாம். உலகமயமாதல் என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான்.

இது நமக்குப் புதிதன்று. ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில்; செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மலாயாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். நட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். வேலைக்கு வந்தவர்களோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர்.

இதனால் நாட்டுக்கு வருமானம் வந்தது உண்மை. ஆனால் விலை சரிந்தபோது அடி யார்மேல் விழுந்தது? 1930ஆம் ஆண்டை ஒட்டிய பெருமந்தத்தில் அமெரிக்காவில் மோட்டார் வண்டி விற்பனை படுத்தது. ரப்பர் விலையும் படுத்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலையிழந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பின்னர், விலை இறங்கும்போது ரப்பரை வாங்கிச் சேர்த்தும், ஏறும்போது விற்றும் சமன்செய்ய, 1979இல் அனைத்துலக ரப்பர் ஒப்பந்தம் உருவாயிற்று. 1999இல் அதுவும் கலைந்தது.

விலையைப் போலவே முதலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1950களில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. பணம் ஒரே நாளில் கடல் கடந்துவிடும். பிள்ளைகுட்டிகளோடு வாழும் தொழிலாளி எங்கே போவான்?

அப்போது நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கினார்கள். மறு ஆண்டே கெடாவில் ஒரு தோட்டம் அவர்களுக்குச் சொந்தமாயிற்று.

இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வேலை செய்கிறார்கள். அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நம் பாட்டன்மார்களைப் போல் அவர்களும் வயிற்றுப்பாட்டுக்கு வந்தவர்களே. குறைந்த கூலிக்கு ஆள் தேடுவது சந்தையின் போக்கு.

உலக விலையை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் அது நம் அடுப்பை அணைக்காமல் காத்துக்கொள்ள முடியும். வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டிய வீட்டை மட்டும் நம்பாமல், சிறிதாயினும் சொந்த வீட்டுக்கு வழி தேடுவோம். சேமநிதிக் கணக்கை ஆண்டுதோறும் சரிபார்ப்போம். தொழிற்சங்கக் கூட்டத்துக்குத் தாய்மார்களும் போவோம். பிள்ளைகளைப் பாதியில் நிறுத்தாமல் படிக்கவைத்து, ஒரு கைத்தொழிலும் கற்பிப்போம்.

நல்ல விலை கிடைக்கும் காலத்திலேயே இவற்றைத் தொடங்க வேண்டும். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வோம்.