பரிசோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி எங்கே?

(பெண் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியது)



நமக்கு முன்பு பேசியவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்திருப்பதைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். 1929-ம் வருஷத்தில் பம்பாய் மாகாணத்தில் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1961-ல் வந்த மத்திய சட்டம் 12 வாரம் என்றது. 2017-ல் அது 26 ஆயிற்று. பின்னால் செய்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதையே வைத்திருக்கின்றார்கள்.

ஆனால் நாம் இன்று கேட்பது வேறு. இந்த 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக் கூடியது 8 வாரந்தான். அதற்கு முந்திய ஏழு மாத காலம் கர்ப்பவதியின் தேகத்தை எப்போது பார்ப்பது, யார் செலவில் பார்ப்பது என்று கேட்கின்றோம். கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 தடவையாவது பரிசோதிக்க வேண்டுமென்று 2016-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொன்னார்கள். முதல் தடவை 12 வாரத்துக்குள், பிறகு 20, 26, 30-வது வாரங்களில் என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் எட்டில் நான்கு, லீவு துவங்குமுன்பே வந்துவிடுகின்றன. பிறக்கப்போகும் பிள்ளைக்காக லீவை மிச்சம் பிடித்து, வலி எடுக்கும் வரையில் வேலைக்கு வருகின்ற பெண்களோ ஏராளம். அவர்களுக்கு எட்டுத் தடவையும் வேலை நாளில்தான் வரும்.

“உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்கு ஆஸ்பத்திரி?” என்று கேட்கும் மாமியார்கள் இங்கேயும் இருக்கலாம். அவர்கள்மீது கோபமில்லை. இரத்தக்கொதிப்பு ஏறினால் அநேகமாய் வலிக்காது. மூத்திரத்தில் புரதம் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியாது. சோகையை வேலைக் களைப்பென்று நினைத்துக்கொள்வார்கள். கடைசியில் வலிப்புக் கண்டு தாயும் பிள்ளையும் போன பிறகு, பேய் அடித்தது என்பான் மந்திரவாதி. தலையெழுத்து என்பான் சாஸ்திரி. கையில் ஒரு பட்டையைச் சுற்றி ஐந்து நிமிஷத்தில் அளந்து பார்க்கக் கூடிய சங்கதியைப் பிரம்மாவின் தலையில் கட்டுவது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்!

சர்க்கார் இலவசமாகப் பார்க்கின்றதே என்பார்கள். உண்மைதான். ஒவ்வொரு மாதமும் 9-ந்தேதி கர்ப்பவதிகளை டாக்டரே பார்ப்பதென்று 2016 முதல் ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்த 9-ந்தேதி அவளுக்கு வேலை நாளாயிற்றே? காலையில் போய்ச் சீட்டு வாங்கி, இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து வெளியே வந்தால் மத்தியானம் தாண்டிவிடும். அதற்குமேல் வந்தவளை எந்த மேஸ்திரி வேலைக்குச் சேர்ப்பான்? ஒரு நாள் கூலி போயிற்று. மாதம் முழுதும் தவறாமல் வந்தவர்களுக்கென்று கொடுக்கும் ஊக்கத் தொகை இருந்தால் அதுவும் போயிற்று. இலவசப் பரிசோதனைக்கு அவள் செலுத்தும் கட்டணம் இதுவே. இதை டாக்டர் வாங்கவில்லை, முதலாளி வாங்கிக்கொள்ளுகின்றான்.

பிரிட்டனில் 1980-ம் வருஷத்திலேயே இதற்குச் சட்டம் செய்துவிட்டார்கள். டாக்டரோ மருத்துவச்சியோ வரச்சொன்ன நேரத்துக்குப் போய்வர, வேலை நேரத்திலேயே சம்பளத்தோடு விடவேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. முதல் தடவைக்குக் காகிதம் கேட்கக் கூடாது. அடுத்த தடவை முதல், கர்ப்பத்துக்கு அத்தாட்சியும் தேதி போட்ட சீட்டும் காட்டினால் போதும். டாக்டர் சொன்னால், பிரசவத்துக்குத் தயார் செய்யும் வகுப்புகளுக்கும் அப்படியே. 1992-ல் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பும் பரிசோதனை நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாதென்று விதி செய்தது.

வகுப்பு எதற்கு, நம் பாட்டிமார் வகுப்புக்குப் போனார்களா என்று சிலர் சிரிக்கலாம். பாட்டிமார் எத்தனை பெற்றார்கள், எத்தனை புதைத்தார்கள் என்பதையும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்குமென்று, கொடுத்த மாத்திரையைக் கொல்லையில் எறிகின்ற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதே வீட்டில் பிள்ளை சிவப்பாய்ப் பிறக்கக் குங்குமப்பூ வாங்குகின்றார்கள்! கறுப்பு இழிவென்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ அவர்களே இந்த வைத்தியத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள் போலும். எந்த வீக்கம் ஆபத்து, இரத்தம் கண்டால் எங்கே ஓடுவது, பிள்ளை அசைவு குறைந்தால் என்ன செய்வது என்று ஒரு நர்ஸ் இரண்டு மணி நேரம் உட்கார்த்தி வைத்துச் சொன்னால், அது சீமந்த மந்திரத்தைவிடக் கட்டாயம் உபயோகப்படும். சீமந்தத்துக்கு நாள் பார்த்து லீவு போடுகின்ற புருஷன், மனைவிக்கு இரத்தம் எடுக்கும் நாளில் கூடப் போனதுண்டா என்பதை இங்குள்ள ஆண் தோழர்கள் அவரவர்களே கேட்டுக்கொள்ளட்டும். பிரிட்டனில் 2014 முதல் புருஷனுக்கும் இரண்டு தடவை கூடப்போக உரிமை உண்டு. ஆனால் அவனுக்குச் சம்பளம் கொடுப்பது கட்டாயமில்லை. அது அந்தச் சட்டத்தின் குறை.

பிள்ளை பெறுவதே பெண் ஜன்மத்தின் கடமை என்று நாம் சொல்லவில்லை. வேண்டாமென்பவளுக்குக் கர்ப்பத்தடைக்குச் சகல வசதியும் வேண்டும். வேண்டுமென்பவளின் உயிருக்கு உத்தரவாதம் வேண்டும். இரண்டையும் சேர்த்தே கேட்கின்றோம்.

இனி முதலாளி சொல்லும் ஆட்சேபம் ஒன்றிருக்கின்றது. இப்படிச் செலவை ஏற்றினால் பெண்களை வேலைக்கே எடுக்கமாட்டோம் என்கின்றார்கள். இது வெறும் மிரட்டல் என்று நாம் தள்ளிவிடவில்லை. செலவு முழுவதும் ஒருவர் தலையில் விழுந்தால் அவர் அதைத் தட்டிக்கழிக்கத்தான் பார்ப்பார். 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய தோழர் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நன்மைக்கே என்றும், ஆகவே அந்தப் பாரத்தில் பெரும் பகுதியைச் சர்க்காரே தாங்கவேண்டுமென்றும் சொன்னார். 1948-ல் செய்த தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் துவக்கிய ஏற்பாட்டின்படி, ஆண் பெண் எல்லோருக்காகவும் செலுத்தப்படும் பொது நிதியிலிருந்து பிரசவ காலச் சம்பளம் கொடுக்கப்படுகின்றது. பரிசோதனை நாளின் கூலியையும் அந்த வழியில் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? பெண்ணை வேலைக்கு வைத்தவனுக்கும் வைக்காதவனுக்கும் அப்போது செலவு ஒன்றுதானே?

சட்டம் வரும்வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கூலி ஒப்பந்தம் பேசும்போது உங்கள் சங்கத்தார் மூன்று சங்கதிகளை எழுதிக் கொடுக்கட்டும்: முதல் பரிசோதனைக்குக் காகிதம் கேட்காமல் விடுவது, பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டில் உள்ள தேதியையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்வது, அந்த நாளை வேலைக்கு வந்த நாளாகவே புத்தகத்தில் பதிவது. பேசப் போகின்றவர்களில் பாதிப்பேராவது பெண்களாயிருக்க வேண்டும்.