இரப்பர்க் காட்டின் வடு



ஆப்பிரிக்கர் பின்தங்கியமைக்கு அவர்தம் சோம்பலே கரணியம் என்பார் இன்றும் உளர். அன்னார் காங்கோவை ஒருமுறை நோக்குக.

1526-ஆம் ஆண்டிலேயே காங்கோ அரசன் முதலாம் அபொன்சோ, போர்த்துகீசிய அரசனுக்கு மடல் விடுத்தான். தன் குடிகளையும், உறவினரையுங்கூட, வணிகர் கவர்ந்து விற்கின்றனர். நாடு ஆளற்றுப் போகின்றது என்பது அவன் முறையீடு. கேட்பார் இலர். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆப்பிரிக்காவிலிருந்து அத்திலாந்திக்கு மாக்கடல்வழிக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலக்கம் பேர். அவருள் ஐந்தில் இரண்டு பங்கினும் மிகுதியானோர் காங்கோ, அங்கோலாப் பகுதியினர். உழைக்கும் பருவத்து இளையோரையே தேர்ந்து ஏற்றினர் என்பதை மறத்தலாகாது.

பின்னர் வந்தவன் பெல்சிய அரசன் இரண்டாம் இலியோபோல்டு. 1885 முதல் 1908 வரை காங்கோ அவன் தனியுடைமை. ஒரு நாடே ஒருவனுக்குத் தோட்டம்! மிதிவண்டி உருளைகட்கு இரப்பர் வேண்டியிருந்தது. காங்கோவின் காட்டுக்கொடிகளில் அதன் பால் இருந்தது. குழுமங்கள் ஊர்தோறும் அளவு விதித்தன. ஆடவர் இரப்பரொடு மீளும்வரை மகளிர் பிணையாக அடைக்கப்பட்டனர். செலவிட்ட ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வலக்கையை வெட்டிக் காட்டல் வேண்டும் என்பது படைஞர்க்கிட்ட கட்டளை. குண்டை வேட்டையில் செலவிட்டவன், உயிரோடிருப்பார் கையை வெட்டிக் கணக்கை நேர்செய்தான்.

இவை பழங்கதையல்ல. சாரா உலோசு, எடுவார்டோ மொண்டேரோ என்னும் பொருளியல் ஆய்வாளர் இருவர், அக்குழும எல்லைக்கு உட்பட்ட ஊர்களையும் எல்லையை ஒட்டி வெளியே இருந்த ஊர்களையும் ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரே காடு, ஒரே மழை. எனினும் உட்பட்ட ஊரார் கல்வியிலும் உடல்நலத்திலும் செல்வத்திலும் இன்றும் தாழ்ந்துள்ளனர். கரணியம் யாது? அளவு தண்டித் தர இசைந்தவனையே குழுமம் ஊர்த்தலைவனாக்கிற்று. இசையாதவனை நீக்கிற்று. அத்தலைமை வழிவழி நின்றுவிட்டது. ஊரார்க்கு விடைசொல்லத் தேவையில்லாத் தலைவன் சாலை செப்பனிடுவானா? ஆயினும் ஒருவரையொருவர் நம்பும் பண்பு அவ்வூர்களில் மிகுதி என்றும் அவ்வாய்வு கூறும். அடிபட்டோர் தம்முள் அணைந்துகொண்டனர் போலும்.

1908-இல் பெல்சிய அரசு காங்கோவை ஏற்றது. 1960 சூன் 30-இல் விடுதலை வந்தபோது பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோவினர் முப்பதின்மரும் இலர். நாட்டுமொழிகள் நான்கிருந்தும், ஆட்சிமொழி இன்றும் பிரெஞ்சே. முதல் தலைமையமைச்சர் இலுமும்பா 1961 சனவரி 17-இல் பெல்சிய அலுவலர் உடனிருக்கக் கொல்லப்பட்டார். எஞ்சிய அவர் பல் ஒன்றைப் பெல்சியம் 2022-இல் திருப்பித் தந்தது. அவ்வாண்டு காங்கோ சென்ற பெல்சிய அரசர் பிலிப்பு, நடந்தவற்றுக்கு ஆழ்ந்து வருந்துவதாகக் கூறினார், பொறுத்தருள வேண்டவில்லை.