ஐம்பதுக்குப் பின் கொல்லைப்புறம்: உடல்நலமும் பெயரறிவும்



சொல்லும் இலக்கணமும் பேசிப் பழகிய ஒருவன் உடல்நலம் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் மருத்துவன் அல்லன். பறவை நூல் வல்லுநனும் அல்லன். என் ஐம்பத்திரண்டாம் வயதில் உடல் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்று, நான் கற்ற மொழியியலோடு எதிர்பாராத இடத்தில் சென்று சேர்ந்தது. அந்த இடம் என் வீட்டுக் கொல்லைப்புறம். அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

நாற்காலியில் கழிந்த ஆண்டுகள்

நான் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். என் தாயார் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, முந்நூறு நானூறு பால்மரங்களைச் சீவி, பால் வாளிகளைச் சுமந்து திரும்பியவர். உடற்பயிற்சி என்னும் சொல்லை அவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் சொல்லக் கேட்டதில்லை. அவர் பட்ட பாட்டினால் நான் படித்தேன். படித்ததன் பயனாக நாற்காலியில் அமர்ந்தேன். முப்பது ஆண்டுகள் அமர்ந்தே இருந்தேன். ஐம்பத்திரண்டாம் வயதில் நீரிழிவு என்று மருத்துவர் கூறியபோது, இரண்டு மாடிப் படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலையில் இருந்தேன்.

“நாள்தோறும் நடங்கள்” என்றார் மருத்துவர். நடக்கத் தொடங்கினேன், இரண்டு வாரத்தில் நிறுத்தினேன். காரணம் எளிது. எனக்குச் சலிப்பாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் பயிற்சி தொடங்குவோருள் பலர் தோற்பது உடல் வலுவின்மையால் அன்று. நாளையும் அதனைச் செய்வதற்கு ஒரு விருப்பம் இல்லாமையால்தான்.

அக்காலத்தில் என் தாயார் எங்களோடு வந்து தங்கியிருந்தார். வயது எண்பதைக் கடந்திருந்தது, மறதியும் தொடங்கியிருந்தது. ஒருநாள் விடியற்காலை கொல்லைப்புறத்தில் முக்காலி போட்டு அமர்ந்திருந்தார். மின்கம்பியின்மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை வாலை நிமிர்த்திப் பாடிக்கொண்டிருந்தது. “அது என்னய்யா?” என்றார். “ஏதோ குருவி, அம்மா” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இவ்வளவு படிச்சிருக்க, குண்டுக்கரிச்சான் தெரியாதா?” என்றார்.

தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவன் நான். அன்று என் கொல்லைப்புறத்திற்கு வந்த பறவைகளுள் காகம், மைனா, புறா ஆகிய மூன்றுக்கு மட்டுமே எனக்குப் பெயர் தெரிந்திருந்தது. மறுநாள் விடியலில் நானும் ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு வெளியே சென்றேன். அன்றுதான் என் உடற்பயிற்சி உண்மையில் தொடங்கியது.

உடலுக்கு வேண்டுவன மூன்று

உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளேனும் வேண்டும். 65 வயதைக் கடந்தோர்க்குச் சமநிலைப் பயிற்சியும் கலந்த இயக்கம் வாரத்தில் மூன்று நாளேனும் வேண்டும். நடை, வலு, சமநிலை என இம்மூன்றையும் நினைவில் கொள்ளலாம்.

இவற்றுள் நடையைப் பலரும் அறிவர். மற்ற இரண்டையும் மறந்துவிடுகின்றனர். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. பயன்படுத்தாத தசை இன்னும் விரைந்து குறைகிறது. கால் தசை தளர்ந்தவர் இடறினால் தம்மைத் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. முதுமையில் இடுப்பெலும்பு முறிவுக்குக் காரணமாவது பெரும்பாலும் இத்தகைய ஒரு சறுக்கலே.

கொல்லைப்புறம் இம்மூன்றையும் தரும். கறிவேப்பிலைச் செடியின் தளிரைக் கூர்ந்து பாருங்கள். பறவையின் எச்சம் போன்ற ஒன்று இலைமேல் ஒட்டியிருக்கும். அது எச்சமன்று, வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. சில நாளில் அதுவே பச்சை நிறம் கொள்ளும். அதனைக் காணக் குனிய வேண்டும், குந்த வேண்டும், கையூன்றாமல் எழ வேண்டும். இரு கைகளிலும் நீர்வாளி ஏந்திச் செடிகளுக்கு ஊற்றுவது தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி. தேன்சிட்டு செம்பருத்திப் பூவில் தேன் உறிஞ்சுவதை, சுவரருகே ஒற்றைக் காலில் நின்று பத்து எண்ணும்வரை பார்ப்பது சமநிலைப் பயிற்சி. முக்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்வது தொடைக்குப் பயிற்சி. முதல் வாரத்தில் என்னால் நான்கு முறைக்கு மேல் எழ இயலவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நடைக்குக் கொல்லைப்புறம் போதாது. ஆயினும் அதுவே வாயிலாக அமைந்தது. ஒரு பறவையின் குரலைத் தொடர்ந்து பின்சந்துக்குப் போனேன். சந்திலிருந்து வாய்க்கால் ஓரம், வாய்க்காலிலிருந்து பூங்கா. மீன்கொத்தி எங்கே அமர்கிறது என்று பார்க்கப் போனவன் வீடு திரும்பும்போது நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். நிமிடக் கணக்கை என் மனம் எண்ணவில்லை, கால்கள் எண்ணிக்கொண்டன. ஓராண்டில் என் சர்க்கரை அளவு இறங்கியது. மருந்து நிற்கவில்லை. படி ஏறுகையில் மூச்சு வாங்குவது மட்டும் நின்றது.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். இதய நோய் உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக. நீரிழிவுடையோர் வெறுங்காலுடன் மண்ணில் நடத்தல் ஆகாது. சிறு காயமும் ஆறாப் புண்ணாகலாம். மருந்து உண்போர் சட்டைப்பையில் ஓர் இனிப்பு வைத்திருத்தல் நன்று. நம் நாட்டு வெயிலில் பத்து மணிக்குமேல் நடப்பது முதியோர்க்குத் தீது. டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் அந்திக்கு முன்னும்தான் மிகுதியாகக் கடிக்கும். முழுக்கைச் சட்டை அணிக. பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய நீரை வாரந்தோறும் கவிழ்த்துவிடுக. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். குனிந்து நிமிர்ந்து இதனைச் செய்வதும் பயிற்சியே. பாம்பைக் கண்டால் விலகி நின்று தீயணைப்பு மீட்புப் படையை அழையுங்கள். வீரம் காட்ட வேண்டா.

பெயர் அறிந்தால் கண் திறக்கும்

இனி என் துறைக்கு வருகிறேன். பறவையின் பெயர் தெரியாதவரை, எனக்கு எல்லாமே ‘ஏதோ குருவி’யாகத்தான் இருந்தன. பெயர் ஒன்றைக் கற்றவுடன் அந்தப் பறவை மற்றவற்றிலிருந்து பிரிந்து கண்ணுக்குத் தனியே தெரியத் தொடங்கியது.

தமிழ்ப் பறவைப் பெயர்களை ஆராய்ந்தால் நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து நோக்கினர் என்பது விளங்கும். மீன்கொத்தி, மரங்கொத்தி என்பன தொழிலால் பெற்ற பெயர்கள். இலைகளின் ஓரத்தை நாரால் தைத்துக் கூடமைப்பது தையல்சிட்டு. உணவால் பெயர் பெற்றது தேன்சிட்டு. நிறத்தால் பெயர் பெற்றவை செம்போத்தும் கரிச்சானும். பெயரே ஒரு கள ஆய்வுக் குறிப்பாக நிற்கிறது.

தொல்காப்பிய மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதைக் கூறுகிறது. பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பும் பிள்ளையும் உரியன என்பது அதன் விதி. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பகுதி இது. ஆனால் கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று என் தாயார் இயல்பாகச் சொன்னபோது, ஏட்டில் இருப்பதாக நான் எண்ணிய சொல் என் வீட்டு முக்காலியில் அமர்ந்திருப்பதைக் கண்டேன்.

கடல் கடந்து வந்த மக்கள், புதிய மண்ணில் கண்ட உயிர்களுக்குப் பழைய பெயர்களையே சூட்டினர். தமிழகத்து மாங்குயிலுக்கும் இங்கு நாம் காணும் மஞ்சள் பறவைக்கும் சிறு வேறுபாடு உண்டு. இங்குள்ளதற்குக் கண்ணிலிருந்து பிடரிவரை கறுப்புப் பட்டை ஓடும். ஆயினும் மாங்குயில் என்ற பெயர் பொருந்திவிட்டது. கொண்டைக்குருவி என்று என் தாயார் அழைத்த பறவைக்கு இங்கே கொண்டை என்று சொல்லத்தக்கது இல்லை. ஊரிலிருந்து வந்த முன்னோரிடம் கேட்ட பெயர் அது. உருவம் மாறியும் பெயர் நிலைத்தது. இதனைப் பிழை என்று தள்ளுதல் கூடாது. குடிபெயர்ந்த சமூகத்தின் நினைவு சொல்லில் படிந்திருக்கும் தடம் அது.

காகத்தின் கதையும் நம் கதையை ஒத்தது. காப்பித் தோட்டங்களில் புழுக்களை அழிப்பதற்காக 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்தோர் நாம் மட்டும் அல்லர் என்பதை நினைக்கையில் எனக்குச் சிரிப்பும் வரும், நெகிழ்ச்சியும் வரும். காப்பித் தோட்டங்கள் மறைந்தன; காகங்கள் தங்கிவிட்டன.

இன்றைய நிலை என்ன? சென்ற ஆண்டு எட்டு வயதுப் பேரனுடன் வாய்க்கால் ஓரம் நடந்தேன். நீரிலிருந்து பெரிய உடும்பு ஒன்று கரையேறியது. “தாத்தா, பியாவாக்!” என்று கூவினான். நாட்டு மொழியில் பெயர் தெரிந்திருப்பது பெருமைக்குரியதே. அது அவனுக்கு உரிய மொழியும்கூட. ‘உடும்புப் பிடி’ என்ற தொடரை அவன் பள்ளியில் கேட்டிருந்தான். அந்த உடும்பு இதுதான் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. தொடர் ஒருபுறம், உயிர் ஒருபுறம் என இரண்டும் பிரிந்து கிடந்தன. அவனது கையைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

இப்பணிக்குக் கருவிகள் இல்லாமல் இல்லை. சங்க இலக்கியத்தின் புள்ளினங்களை பி. எல். சாமி ஆராய்ந்து நூலாக்கியுள்ளார். க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் தொகுத்துள்ளார். ஆயினும் மலேசியத் தோட்டப்புறங்களில் வழங்கிய பெயர்கள் பெரும்பாலும் முதியோர் நாவிலேயே உள்ளன.

மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ தோட்டத்தில் வாழ்ந்த தாத்தாவோ பாட்டியோ இருப்பார். வாரம் ஒருநாள் விடியலில் அவரை அழைத்துக்கொண்டு அரைமணி நேரம் நடந்து செல்லுங்கள். காணும் பறவை, மரம், பூச்சி ஒவ்வொன்றையும் காட்டிப் பெயர் கேளுங்கள். பெயர், சொன்னவரின் ஊர், கண்ட இடம், நாள் என நான்கினைக் குறியுங்கள். ‘தவறான பெயர்’ என்று திருத்தாதீர்கள்; சொன்னவாறே எழுதுங்கள். அவருக்கு அது நடைப்பயிற்சி; உங்களுக்கு அது கள ஆய்வு. ஆசிரியர்கள் இதனை ஒரு பருவத்து இடுபணியாகத் தரலாம். ஐம்பதைக் கடந்த ஆசிரியர்கள் தாமும் உடன் நடக்கலாம்.

என் தாயார் ஆறாண்டுகள் எங்களோடு இருந்தார். கடைசி ஆண்டுகளில் என் பெயரைக்கூடச் சில நாட்களில் மறந்துவிடுவார். ஆனால் முக்காலியில் அமர்த்தினால், குரல் கேட்ட அளவிலேயே பறவையின் பெயரைச் சொல்வார். அவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது மிகவும் பிந்தித்தான். என் குறிப்பேட்டில் பதினேழு பெயர்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு, எந்தப் பறவைக்கு உரியவை என்று இன்றுவரை என்னால் அறியக் கூடவில்லை. கேட்பதற்கு அவர் இல்லை.

குண்டுக்கரிச்சான் இன்றும் விடியுமுன் பாடுகிறது. நான் எழுந்து செல்கிறேன். கையூன்றாமல் முக்காலியிலிருந்து இன்று பதினைந்து முறை எழுகிறேன். நாளைக் காலை நீங்களும் கதவைத் திறந்து பின்புறம் செல்லுங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்கும் ஒரு முக்காலி போடுங்கள்.