கிராமத்துக் குருவானவரின் கல்வி



ஊழியத்தில் இருக்கும் குருமாருக்கு எதைக் கொடுத்தால் அவர்கள் தளராமல் நிற்பார்கள் என்று ஆராய நாம் இந்த மாநாட்டில் கூடியிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் இது பழைய கேள்வி. 1855இல் இதே கேள்வி வட்டுக்கோட்டையில் ஒரு பெருங் கல்விக்கூடத்தையே மூடவைத்தது.

1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினறியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அங்கே படித்தவர்கள். ஆனால் படித்து வெளியேறியோரிற் பலர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள். கிராமத்துச் சபைகளுக்குக் குருமார் போதவில்லை. பொஸ்ரனிலிருந்து வந்து பார்த்த மிஷன் சங்கச் செயலாளர் ரூபஸ் அன்டர்சன், ஊர்ச் சபைகள் ஊர்க் குருமாரின் பொறுப்பில் வளரவேண்டும் என்றார். செமினறி மூடப்பட்டது.

அவருடைய கவலை நியாயமானது. தீர்வு பிழை என்பது என் எண்ணம். ஊரோடு இருக்கும் குருவானவருக்குக் கொஞ்சக் கல்வி போதும் என்ற நினைப்பு அன்று வேர்விட்டது. இன்றும் அது நம்மை விட்டுப் போகவில்லை.

அதே மிஷனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறு வழி கண்டார். மானிப்பாயில் ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விடுவதைப் பார்த்து, 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். பாடத்தை அவர் மெலிய வைக்கவில்லை. உடற்கூறு, இரண வைத்தியம், இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் நூல் ஆக்கினார். இறையியலிலும் அப்படிச் செய்திருந்தால் நம் சபைகளின் கதை வேறாக இருந்திருக்கும்.

ஊழியத்தோடு ஆழ்ந்த கல்வியையும் நடத்தியவர் இல்லாமலும் இல்லை. 1947 முதல் 1970 வரை தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயராக இருந்த சபாபதி குலேந்திரன், அவ்வளவு நிர்வாகச் சுமையின் நடுவிலும் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்பது எப்படிக் கருதப்படுகிறது என்று ஆராய்ந்து 1964இல் நூல் வெளியிட்டார். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றையும் எழுதினார். நற்செய்திப் பணிக்கு இதைவிட நல்ல ஆயத்தம் எது? நம் அயலவர் சைவர். மெதடிஸ்த மிஷனரி பீற்றர் பேர்சிவலின் வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவிய ஆறுமுக நாவலர், பின்பு சைவத்துக்காக எழுதியபோது நம் வேதத்தைக் கரைத்துக் குடித்தவராக எழுதினார். நம் அயலவருடைய திருமுறைகளையும் சித்தாந்தத்தையும் நம்மில் எத்தனை பேர் அந்த அக்கறையோடு வாசித்திருக்கிறோம்? வாசிக்காமல் அவர் வீட்டுப் படலையைத் திறந்து போய் என்ன சொல்லப் போகிறோம்?

சீடத்துவம் பற்றி இங்கே விற்பனையாகும் நூல்களிற் பெரும்பாலானவை மொழிபெயர்ப்புகள். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக நினைவு ஆராதனை வைப்பதா, திரும்பி வருவான் என்று செபிப்பதா என்று தெரியாத தாய்க்கு அவற்றில் ஓர் அத்தியாயமும் இல்லை. இன்னொரு வீட்டில் இறந்தவரின் பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். அடக்க ஆராதனையை அவர்கள் தொலைபேசித் திரையிற் பார்க்க, மகனுடைய இடத்தில் நிற்பவர் குருவானவர். அடுத்த ஞாயிறு அவரே பிரசங்க பீடத்தில் ஏறவேண்டும். அவரை யார் வீடு சந்திக்கிறார்கள்?

சபை மூப்பர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் குருவானவருக்குக் கிழமையில் ஒரு நாளை வாசிப்புக்கென்று விட்டுவிடுங்கள். அதையும் ஊழியமாக எண்ணுங்கள். குருமாரே, மெதடிஸ்த, அங்கிலிக்கன், கத்தோலிக்க அயலவரையும் சேர்த்து மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு குருமனையிற் கூடுங்கள். ஒரு நூலை வாசித்து, அந்த மாதத்துப் பாரங்களைச் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் செபியுங்கள்.

கட்டுரையாளர்களுக்கு: உங்கள் கட்டுரைகளைத் தமிழில், தீவகத்தில் தனியே மூன்று சபைகளைப் பார்க்கும் ஓர் இளங் குருவானவர் சனிக்கிழமை இரவில் எடுத்து வாசிக்கும்படி எழுதித் தாருங்கள். அவற்றை அச்சிட்டு, குடாநாட்டின் ஒவ்வொரு குருமனைக்கும் சேர்ப்பிக்கும் பொறுப்பை இந்த மாநாட்டுக் குழு ஏற்கவேண்டும் என்று முன்மொழிகிறேன்.