தொடாமல் விற்கிற சேலை
(தாமல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு முன் தம்பி ஒருவர் கேட்டார்: "அக்கா, முதலே போடாம பட்டுச்சேலை விக்கலாமாமே?" விற்கலாம். டிராப்ஷிப்பிங் என்கிறார்கள். சேலைப் படத்தை அமேசானிலும் மீஷோவிலும் சொந்த இணையக் கடையிலும் போடுவீர்கள். ஆர்டர் வந்தால் காஞ்சிபுரத்து மொத்த வியாபாரி உங்கள் பெயரில் பார்சல் அனுப்புவார். சேலையை நீங்கள் தொடவே மாட்டீர்கள்.

தொட்டவர் யார்? கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஏதோ சில சாதிகளின் குலத்தொழில் என்று சுற்றுலாப் புத்தகம் எழுதும். சுற்றுக் கிராமங்களில் தலித் மக்களும் கூலிக்கு நெய்கிறார்கள். பாவும் ஜரிகையும் முதலாளியுடையவை, முன்பணக் கடனும் அவரிடமே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. காஞ்சிபுரம் பட்டுத்தறிகளில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வெளியிட்டது 2003இல்!

இணையத்தில் வாங்குபவரின் முகவரி யார் கையிலோ, லாபம் அவர் கையில். நெசவாளருக்கு அது தெரியாது. "நிறம் வேறு" என்று சேலை திரும்பினால் நீங்கள் வியாபாரியிடம் தள்ளுவீர்கள். அவர் யாரிடம் தள்ளுவார்?

தொடங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கடையும் முதலும் தலைமுறையாக மறுக்கப்பட்டவர்கள் போனை வைத்துப் பிழைப்பது குற்றமல்ல. ஆனால், 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர், சட்டப்படி ஜிஎஸ்டி பதிவில்லாமலே இணைய விற்பனைத் தளங்கள் வழியாக விற்கலாம். பான் எண் வேண்டும். கணக்கை நெசவாளர் பெயரில் திறங்கள். படத்துக்கும் பார்சலுக்கும் உங்கள் கமிஷனை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிக்கல் இருக்கிறது. கூலிக்கு நெய்பவருக்குச் சேலையே சொந்தமில்லை. தம்பி, ஒரு பாவுக்கு என்ன செலவு என்று எழுதிக்கொண்டு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்.